அட்டையில் அச்சாகாத பாதி

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடியும்போது தமிழ்நாட்டின் பல சபைகளில், புத்தாண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை கைக்கு வந்துவிடும். சில இடங்களில் போதகர் ஜெபித்துத் தெரிந்துகொண்ட ஒரே வசனம் சபை முழுவதற்கும். வேறு சில இடங்களில் தட்டில் கவிழ்த்துவைத்த அட்டைகளில் ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அது ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள்ளோ, பீரோ கதவிலோ, வண்டியின் முன்கண்ணாடியிலோ இருக்கும். இதைக் கிறிஸ்தவர்களின் கிளி ஜோசியம் என்று ஒதுக்குகிறவர்கள் சபைக்குள்ளேயே உண்டு. அவர்களோடு என்னால் முழுக்க ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் அட்டையை எடுக்கும் அந்தக் கையைப் பாருங்கள். தட்டின் முன்னால் கல்லூரிப் பேராசிரியரும் கட்டட வேலைக்குப் போகிறவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யாரும் தகுதி காட்டி அட்டை வாங்குவதில்லை. தசமபாகம் கொடுத்தவருக்கு நல்ல வசனம், கொடுக்காதவருக்குச் சுமாரானது என்ற பிரிவும் கிடையாது. சம்பாதிக்காமல் பெறுவதுதான் கிருபை என்று பவுல் ரோமருக்கு எழுதியதை, பல பிரசங்கங்களைவிடத் தெளிவாக இந்தச் செயல் சொல்லிவிடுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பாட்டிக்கு ஆண்டுக்கொரு வசனம் மனப்பாடமாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்குத் துணையாக நிற்பதும் அதுதான்.

இதற்குப் பழைய உறவுகளும் உண்டு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் 1728 மே மாதம் சின்சென்டார்ஃப் பிரபு மொரேவிய சபையாருக்கு மறுநாளுக்கென்று ஒரு வாசகத்தைக் கொடுத்தார். 1731 முதல் அத்தகைய வாசகங்கள் புத்தகமாகவே அச்சாகி வருகின்றன. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்ப்பும் இருந்தது. சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்க்கிறவர்களைப் பற்றிச் சபைப் பிதாவான அகுஸ்தீன் ஒரு கடிதத்தில் எழுதினார்: பேய்களிடம் கேட்பதைவிட இது மேல்தான், ஆனாலும் உலகக் காரியங்களுக்காகத் தேவ வார்த்தையை இப்படிப் பயன்படுத்துவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். கண்டிப்பும் கனிவும் கலந்த அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் பொருந்துகிறது.

எடுக்கிற கையில் குறையில்லை. தட்டில் வைக்கப்படும் வசனங்களில்தான் இருக்கிறது. இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை எந்த அட்டையிலாவது பார்த்திருக்கிறோமா? ஏழைகளை மிதிப்பவர்களின் பண்டிகைகளை வெறுக்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் ஆமோஸின் பகுதி? உபாகமம் 28இலிருந்து தலையாக்குவார், வாலாக்கமாட்டார் என்ற பாதி வருகிறது. அதே வசனத்தில் உள்ள கீழ்ப்படிதலின் நிபந்தனை அச்சுக்குப் போகும் முன்பே உதிர்ந்துவிடுகிறது. கசப்பானதையெல்லாம் நீக்கிவிட்டு எதை எடுத்தாலும் இனிக்கும்படி வைத்தால், அங்கே பேசுவது வேதம் அல்ல, தேர்ந்தெடுத்தவரின் ஆசை.

அட்டைகளில் மிக அதிகமாக வரும் எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். சமாதானமான எதிர்காலத்தைக் குறித்த தேவ நினைவுகளைப் பேசும் வசனம் அது. எழுதப்பட்ட சூழல் என்ன? கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டே ஆண்டில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்திலேயே அறிவிக்கிறான். கேட்க எவ்வளவு இனிமை! எரேமியாவின் வாயிலும் அந்தக் கணம் ‘ஆமென்’தான் வருகிறது. ஆனால் பிறகு வந்த கர்த்தருடைய வார்த்தை அனனியாவைப் பொய்யனென்று காட்டியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் செத்தும்போனான். அந்தப் பின்னணியில்தான் எரேமியா சிறைப்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோனவர்களின் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள்; எழுபது ஆண்டுக்குப் பிறகுதான் விடுதலை. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலருக்கு ஊர் திரும்பும் வாய்ப்பே இல்லை. சீக்கிரமே விடுதலை என்ற இனிப்பு வாக்கை மறுக்க எழுந்த வசனத்தை, இந்த ஆண்டே வேலை, இந்த ஆண்டே வீடு என்று நாம் வாசிக்கிறோம். எரேமியாவின் மையைக் கொண்டு அனனியாவின் அட்டையை அச்சடிக்கிறோம்.

இரண்டாவது உதாரணம் இதைவிட நெருக்கமானது. கிருபை போதும் என்ற 2 கொரிந்தியர் 12இன் வசனம். மாம்சத்தில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் வேண்டினார், முள் எடுக்கப்படவில்லை. மறுக்கப்பட்ட ஜெபத்துக்கு வந்த பதில் அது. சுகம் கேட்டுக் கெஞ்சி, சுகம் வராத ஒருவருக்கு இந்த வசனத்தைப் போல உடன் நிற்கக்கூடியது வேறில்லை. ஆனால் முள்ளைப் பற்றி அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை.

இந்தப் பாதி வாசிப்புக்கு விலை கொடுக்கிறவர்கள் சபையின் பலவீனர்கள். டிசம்பர் வந்தும் வாக்குத்தத்தம் நிறைவேறாவிட்டால் கடவுளைக் குறை சொல்ல முடியாது. எனவே பழி விசுவாசத்தின்மேல் விழும். புற்றுநோயில் இருப்பவரிடம் உங்களுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லும் கொடுமை இந்த வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. விசுவாச வீரர்களை வரிசைப்படுத்தும் எபிரெயர் 11, அவர்கள் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே மரித்தார்கள் என்கிறது. அந்த அதிகாரத்தின்படி, கைக்கு வராததை நம்பி நடந்ததே அவர்களுடைய விசுவாசம்.

துக்கத்தில் இருப்பவருக்கு வசனம்தான் வேண்டும், வரலாற்றுப் பாடம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எழுபது ஆண்டு காத்திருந்தவர்களையும் கடவுள் கைவிடவில்லை என்ற செய்தி, ஜூன் மாதத்தில் வாடிவிடும் ஆறுதலைவிட நெடுநாள் தாங்கும்.

மாற்றத்துக்கு வழி நம் மரபிலேயே இருக்கிறது. ஹெர்ன்ஹூட்டில் சீட்டில் விழும் பழைய ஏற்பாட்டு வசனம் தனியாக அச்சாவதில்லை; அதற்கிணையாக ஒரு புதிய ஏற்பாட்டு வசனத்தை யோசித்துத் தெரிந்தெடுத்துச் சேர்க்கிறார்கள். ஜான் வெஸ்லி 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனையை மெதடிஸ்டுகள் பல இடங்களில் புத்தாண்டில் நடத்துகிறார்கள். கடவுள் எனக்கு என்ன தருவார் என்பதோடு நிற்காமல், நான் அவருக்கு என்னை எப்படித் தருகிறேன் என்று சபை அங்கே வாய்திறந்து சொல்கிறது.

போதகர்களே, அட்டைகளை நிறுத்த வேண்டாம். வாக்குத்தத்தத்தோடு ஒரு கட்டளையையும் அச்சிடுங்கள். புலம்பலின் வசனங்களுக்கும் தட்டில் இடம் கொடுங்கள். அட்டையைக் கொடுக்கும் முன் அந்த அதிகாரம் முழுவதையும் சபையில் வாசியுங்கள். எரேமியா 29ஐ முழுவதும் வாசிக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது.