எண்ணிக்கை இருக்கு, சார்ஜ் ஏறுமா?

மின்வாகன சார்ஜிங் பற்றிய அரசு அறிவிப்புகளை வரிசையா படிச்சா ஒரு விஷயம் உறுத்தும். எல்லாத்திலும் எண்ணிக்கைதான். 2020 ஜனவரியில் ஃபேம் இரண்டாம் கட்டத்தில் 62 நகரங்களுக்கு 2,636 நிலையங்கள். 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய், 7,432 நிலையங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவில் சார்ஜிங்குக்கு மட்டும் 2,000 கோடி. இதில் எத்தனை நிலையம் ராத்திரி பத்து மணிக்கு வேலை செய்யும்? அதுக்கு இந்த எண்களில் பதில் கிடையாது.

சென்னையில் இது பெரிய தொல்லை இல்லை. ஒண்ணு ஓடலைன்னா அடுத்ததுக்குப் போகலாம். திண்டுக்கல் மாதிரி ஊரில்தான் கதை வேற. தேசிய நெடுஞ்சாலை 44-இல் இருக்கிறது. கொடைக்கானல் போகிற பல வண்டிகளுக்கு மலை ஏறும் முன் வரும் கடைசிப் பெரிய ஊர். 1.6 டன் எடையுள்ள காரைச் சுமார் 1,850 மீட்டர் மேலே தூக்க வேண்டும் என்றால், பள்ளிக்கூட இயற்பியல் கணக்குப்படியே கிட்டத்தட்ட 8 யூனிட் ஆகும். தூரத்துக்கான செலவு தனி. முதலில் வந்த நெக்ஸான் ஈ.வி.யின் பேட்டரி 30.2 யூனிட். கால்வாசிக்கு மேல் உயரத்துக்கே போயிடும். இந்த ஊரில் சார்ஜர் படுத்துவிட்டால் குடும்பத்தோடு போகிறவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார்.

மின் அமைச்சகத்தின் விதி என்ன சொல்கிறது? ஆரம்பத்தில் 3 கி.மீ.க்கு 3 கி.மீ. கட்டத்துக்கு ஒரு நிலையம். 2024 வழிகாட்டுதலில், 2030-க்குள் நகரங்களில் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று. ரேஷன் கடை பிரிக்கிற மாதிரி பரப்புகிறார்கள். சின்ன நகரத்துக்கு இது தலைகீழான யோசனை என்பது என் கருத்து.

ஏன்னு சொல்றேன். 2022-இல் சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் 657 சி.சி.எஸ். கன்களை நேரில் போய்ச் சோதித்தார்கள். வேலை செய்தவை 72.5 சதவீதம். அந்த ஊரிலேயே அப்படி! அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்ப்போம். ஒரே கன் உள்ள நிலையத்துக்குப் போனால் நாலு முறையில் ஒரு முறைக்கு மேல் ஏமாற்றம். ஒரே இடத்தில் இரண்டு கன் இருந்தால் இரண்டும் கெட்டிருக்க வாய்ப்பு 7.6 சதவீதம். நாலு இருந்தால் 0.6. (ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே கரண்ட் கட் என்பதால் நிஜத்தில் இவ்வளவு அழகாக வராது. ஆனாலும் திசை இதுதான்.) நாலு கட்டத்தில் நாலு ஒற்றை சார்ஜர் வைப்பதைவிட பைபாஸ் பக்கம் ஒரே இடத்தில் நாலு வைப்பது மேல். ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் வேண்டுமானால் பரப்பலாம், அதுக்கு 3.3 கிலோவாட் பிளக் போதும், செலவும் கம்மி.

முதலீடு பக்கம் பார்த்தால் இன்னும் சங்கடம். 60 கிலோவாட் சார்ஜர் ஒன்று முழு நாளும் ஓடினால் 1,440 யூனிட் கொடுக்கும். ஐந்து சதவீதப் பயன்பாடு என்றால் 72 யூனிட், அதாவது நாளைக்கு மூணு கார். வண்டி வந்தாலும் வராவிட்டாலும் மின் இணைப்புக்கு நிலைக்கட்டணம் உண்டு. வாடிக்கையாளர் தலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. கொடைக்கானல் கூட்டமோ மே மாத சனி, ஞாயிறில் மொத்தமாக வரும். மத்த நாளில் ஈ ஓட்டணும். வைக்கும்போது மானியம் வந்துவிட்டது. பழுது பார்க்கும் செலவு மட்டும் நிறுவனத்தின் கையிலிருந்து. நாளைக்கு மூணு காருக்காக எவர் அவசரமாக மெக்கானிக்கை அனுப்புவார்?

இன்னொரு வேடிக்கை. பாரத் டி.சி.-001 என்று அரசே வகுத்த தரம், 15 கிலோவாட், ஜி.பி./டி. பிளக். அந்த 2,636 நிலையங்கள் ஒதுக்கப்பட்ட அதே 2020 ஜனவரியில் நெக்ஸான் ஈ.வி. சி.சி.எஸ்.2 பிளக்கோடு சந்தைக்கு வந்தது. அந்த மெஷினில் இந்த வண்டியைச் செருக முடியாது. ஆனால் நிலையம் நிலையம்தானே, எண்ணிக்கையில் சேரும்!

ஆப்பில் தெரியும் பச்சைப் புள்ளியையும் நம்ப முடியாது. ஓ.சி.பி.பி. நெறிமுறையில் சார்ஜர் "காலியாக இருக்கிறேன்" என்று சர்வருக்குச் சொன்னால், யாரும் செருகவில்லை, எனக்குத் தெரிந்து கோளாறு இல்லை என்றுதான் அர்த்தம். செருகினால் மின்சாரம் வரும் என்று அர்த்தமில்லை. கனில் ஊசி வளைந்திருந்தால் அதுக்குத் தெரியாது.

அமெரிக்கா 2023-இல், அரசுப் பணத்தில் வைக்கும் சார்ஜர்கள் 97 சதவீத நேரம் இயங்க வேண்டும் என்றது. பிரிட்டனில் 2024 நவம்பரிலிருந்து அதிவேக சார்ஜர் வலைப்பின்னல்களுக்கு 99 சதவீதம் சட்டமாகவே இருக்கிறது. 97 கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வருஷத்துக்கு 11 நாள் படுக்கலாம் என்றுதான் பொருள். அந்த 11 நாளும் மே மாதத்தில் விழுந்தால் திண்டுக்கல்லுக்கு அது பூஜ்யம். அதனால் நேர சதவீதத்தையும் நான் கேட்க மாட்டேன். செருகியவர்களில் எத்தனை பேருக்குக் குறைந்தது ஒரு யூனிட்டாவது ஏறியது, மாதவாரியாக. இந்தக் கணக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் சர்வர் பதிவிலும் ஏற்கெனவே கிடக்கிறது. மானியத்தின் கடைசித் தவணையை அதைப் பார்த்துக் கொடுத்தால் போதும்.