ஒலியனும் எழுத்தும்: விஷாரிக்கா மொழியாய்வு பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

ஒலியமைப்பைப் பற்றிய ஆய்வு, ஏனைய சமூக விஞ்ஞானங்களைப் போலன்றி, வர்க்க நலன்களுக்கும் அரச கொள்கைகளுக்கும் அப்பாற்பட்டது என்றதொரு நம்பிக்கை மொழியியலாளரிடையே நிலவுகின்றது. மெக்சிக்கோவின் மேற்கு சியரா மாத்ரே மலைத்தொடரில், நயாரித், ஹலிஸ்கோ, துராங்கோ, சக்காத்தேக்காஸ் மாநிலங்களில் வாழும் பழங்குடி மக்களின் மொழியை இந்நம்பிக்கைக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். வெளியார் அதனை ஹுயிச்சோல் என்பர். பேசுவோர் தம்மை விஷாரிக்கா என அழைப்பர். ஊட்டோ-அஸ்தெக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மொழியை ஏறத்தாழ 60,000 பேர் பேசுவதாக 2020 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு காட்டுகின்றது.

அம்மொழியின் உயிர்கள் ஐந்து. நான்கு அ, இ, உ, எ போல்வன. ஐந்தாவது, இதழ் குவியாத நடு மேலுயிர். நமது குற்றியலுகரத்தை நினைத்துக்கொண்டால் அதன் ஓசை ஓரளவு புலப்படும். ஆயின் தமிழில் ஒடுங்கி ஒலிக்கும் அவ்வோசை அங்கு பொருளை வேறுபடுத்தும் முழு உயிர். மெய்களுள் குரல்வளை அடைப்பொலியும் தனி ஒலியனாகும். சடங்குப் பாடகரைக் குறிக்கும் 'மரஆக்கமே' என்ற சொல்லின் நடுவே நாம் அதனைக் கேட்கலாம். உயர்வு, தாழ்வு என்ற இருநிலைச் சுருதியும் உண்டென்பதை ஜோசப் கிரைம்ஸ் 1959 இல் வெளியிட்ட கட்டுரை எடுத்துக்காட்டிற்று. அவரது தொடரியல் நூல் 1964 இல் வெளிவந்தது.

இவ்வாய்வுகளின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் சார்ந்திருந்த கோடைக்கால மொழியியல் நிறுவனம், வேதாகம மொழிபெயர்ப்பை நோக்காகக் கொண்ட மிஷனரி அமைப்பு என்பது மனங்கொள்ளத்தக்கது. அந்நிறுவனத்தின் ஆசான் கெனத் பைக் 1947 இல் எழுதிய ஒலியனியல் நூலின் துணைத்தலைப்பே, மொழிகளை எழுத்துக்கு 'ஒடுக்கும்' உத்தி என்பதாகும். ஆங்கிலத் துறைவழக்கில் அது சாதாரணச் சொல்தான் எனினும், எதை எவ்வெழுத்துக்கு ஒடுக்குவது என்ற வினாவை நாம் தவிர்க்கவியலாது.

விஷாரிக்காவில் ககரம் ஒரே ஒலியன். இதனை நிறுவியது அவர்களது விஞ்ஞானமே. அவ்வாறிருந்தும், மிஷனரி வெளியீடுகளின் எழுத்துமுறை ஸ்பானிய வழக்கைப் பின்பற்றி அவ்வொலியனை இரண்டாகப் பிளந்தது: அகர, உகரங்களுக்கு முன் 'சி' எழுத்து, எகர, இகரங்களுக்கு முன் 'கியூ', 'யு' என்ற இரட்டை. 'பேச்சு' எனப் பொருள்படும் 'நியுக்கி' என்ற சொல்லே இவ்வாறு ஸ்பானிய உடை தரித்தது. ஆய்வின் முடிவை ஆய்வாளரின் எழுத்தே மறுதலித்தது ஏன்? பழங்குடி மொழியில் பெறும் எழுத்தறிவு ஸ்பானியத்துக்குக் கடந்து செல்வதற்கான பாலம் மட்டுமே என்பது அன்றைய மெக்சிக்க அரசின் கல்விக் கொள்கை. பாலத்தின் மறுகரையை நோக்கியே எழுத்தும் வகுக்கப்பட்டது. இதனை ஒரு தனிமனிதரின் தவறாகக் கொள்வது பொருந்தாது. மானிடவியலாளரின் கண்டனங்களையடுத்து அந்நிறுவனத்துடனான உடன்படிக்கையை அரசு 1979 இல் முடிவுக்குக் கொண்டுவந்ததாயினும், அது விட்டுச்சென்ற அச்சுநூல்கள் எஞ்சின.

மொழியைப் பேசுவோரின் சமூக உறவுகளினின்றும் பிரித்து மூடுண்ட விதித்தொகுதியாகக் காணும் போக்கை வொலோஷினோவ் 1929 இலேயே கண்டித்தார். செத்த மொழிகளின் ஏடுகளை ஆராய்ந்தோரின் பழக்கம் அது என்பது அவர் கருத்து. இங்கோ மொழி உயிருடன் இருந்தது. இரவு முழுவதும் மரஆக்கமே பாட, சூழ இருந்தோர் திருப்பிப் பாடினர். சுருதி நிலைகளை உடைய மொழியிற் பாட்டின் இசைக்கும் சொல்லின் சுருதிக்கும் இடையிலான உறவு யாது என்பதே இலக்கிய மாணவன் முதலிற் கேட்கும் கேள்வி. தனிச்சொற்களின் அட்டவணை இதற்கு விடை தராது. வழக்கிலுள்ள எழுத்துமுறைகளும் பொதுவாகச் சுருதியைக் குறிப்பதில்லை.

சமூகத்தினர் இன்று கையாளும் எழுத்தில் 'கே' ககரத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டது. ஐந்தாம் உயிரைத் தட்டச்சுப் பொறியின் கூட்டற்குறி குறிக்கின்றது. அழகற்றது என்போர் உளர், நாம் அவ்வாறு கருதவில்லை. 'எக்ஸ்' எழுத்து மேலும் சுவையானது. விஷாரிக்கா என்ற பெயரின் நடுமெய் சில ஊர்களில் நாமடி உரசொலியாகவும் வேறு சில ஊர்களில் அதிரும் றகரம் போன்றும் ஒலிக்கும். ஒரே எழுத்தை இரு சாராரும் தத்தம் நாவிற்கேற்ப வாசிக்கலாம். ஹலிஸ்கோவின் சான் மிகுவேல் உவாய்ஷ்தித்தாவில் 1995 இல் தொடங்கப்பட்ட இடைநிலைப் பள்ளியில் விஷாரிக்கா மொழி தானே ஒரு பாடமாயிற்று. எழுத்து பற்றிய விவாதம் மிஷனரியின் மேசையிலிருந்து அவ்வகுப்பறைக்கு இடம்பெயர்ந்துள்ளது.