அந்நியரோடு ஒரு வீடு: கூட்டுடைமைச் சேவைகளும் ஷுஃப்ஆவின் நியாயமும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹுப் பாடம் நடத்துவோர் ‘ஷிர்கத்’, ‘ஷுஃப்ஆ’ ஆகிய பாபுகளை அடையும்போது மாணவர்களிடம் ஓர் அயர்ச்சியைக் காண்பது வழக்கம். பிரிக்கப்படாத பேரீச்சந்தோட்டம், பொதுவான கிணறு, இருவருக்கும் உரிய ஒற்றை வழி ஆகியவை பற்றிய விதிகள் இன்று யாருக்கு வேண்டும் என்ற கேள்வி அவர்கள் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நாமும் ஒரு காலத்தில் அப்படி எண்ணியவர்களே. ஆனால் முன்பின் அறியாதவர்களை இணையத்தின் வழியாகச் சேர்த்து ஒரே வீட்டுக்கு உரிமையாளர்களாக்கும் சேவைகள் மேலை நாடுகளில் தோன்றிய பின், அந்தப் பழைய பாபுகளை மீண்டும் திறந்து வைத்து அமர வேண்டிய தேவை ஏற்பட்டிருக்கிறது.

இவ்வகைச் சேவைகளுள் பரவலாக அறியப்பட்டது அமெரிக்காவின் ‘பகாசோ’. வீட்டு விற்பனைத் தளமான ஸில்லோவில் உயர் பொறுப்பு வகித்த ஆஸ்டின் அலிஸன், ஸ்பென்ஸர் ராஸ்காஃப் ஆகிய இருவரும் 2020இல் இதனைத் தொடங்கினர். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் பதிவு செய்யப்படுகிறது. அதன் உரிமை எட்டுப் பங்குகளாக வகுக்கப்பட்டு விற்கப்படுகிறது. எட்டில் ஒரு பங்கை வாங்கியவர் ஆண்டில் ஏறத்தாழ 44 இரவுகள் அவ்வீட்டில் தங்கலாம். எந்த நாள் எவருக்கு என்பதைச் செயலி ஒன்று வகுத்துக் கொடுக்கிறது. அறைகலன், துப்புரவு, பழுதுபார்ப்பு, வரி ஆகிய அனைத்தையும் பகாசோ கவனித்துக்கொண்டு அதற்குக் கட்டணம் பெறுகிறது. எட்டுப் பங்காளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஆயுள் முழுதும் ஒரு வீட்டை ஆளலாம் என்பதே இவ்வமைப்பின் பெருமையாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெருமையே நம் விமர்சனத்தின் பொருள்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வந்த யாவும் மார்க்கத்துக்கு முரண் என்று தீர்ப்பளிக்கும் அவசரம் நமக்கு இல்லை. பலர் ஒரு பொருளுக்குப் பிரிக்கப்படாத உரிமையாளர்களாக இருப்பதை ஃபுகஹாக்கள் ‘ஷிர்கத்துல் மில்க்’ என்றனர். அப்பொருளின் பயனைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதை ‘முஹாயஆ’ என்றனர். ஒருவர் மேல்தளத்திலும் மற்றவர் கீழ்த்தளத்திலும் வசிப்பது இடத்தால் ஆன முஹாயஆ. ஓராண்டு இவர், மறு ஆண்டு அவர் என்பது காலத்தால் ஆன முஹாயஆ. செயலி வகுத்துத் தரும் நாட்காட்டி இந்த இரண்டாம் வகையின் நவீன வடிவமே. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ரஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியின் 18ஆவது அமர்வும், ஒரு சொத்தில் பொதுப் பங்கை வாங்கிக் காலமுறையில் பயனைப் பகிர்ந்துகொள்வது அடிப்படையில் ஆகுமானதே என்ற முடிவை எடுத்தது. ஆகவே வடிவத்தின் மீது நமக்குப் பிணக்கில்லை. வட்டிக் கடன் கொண்டு பங்கு வாங்குவோரின் நிலை வேறு. அதன் விதியை நம் வாசகர்கள் அறிவார்கள்.

பிணக்கு வேறிடத்தில் இருக்கிறது. உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ எனும் சட்டத் தொகுப்பின் 1075ஆம் விதி, ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாட்டை நுட்பமாகச் சுருக்கித் தருகிறது. ஷிர்கத்துல் மில்க்கில் ஒவ்வொரு பங்காளியும் மற்றவரின் பங்கைப் பொறுத்தவரை அஜ்னபி, அதாவது அந்நியர். அனுமதியின்றி அதில் கைவைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் வீட்டில் வசிப்பதிலும், உள்ளே வருவது, வெளியே போவது போன்று வாசத்தைச் சார்ந்த காரியங்களிலும் ஒவ்வொரு பங்காளியும் முழு வீட்டுக்கும் தனி உரிமையாளர் போலவே கருதப்படுகிறார். சொத்தில் அந்நியர், வாசத்தில் வீட்டுக்காரர்: இதுவே ஃபிக்ஹு வகுத்த சமநிலை.

இந்தச் சமநிலையைப் புதிய சேவை தலைகீழாக்குகிறது. பத்திரத்தின்படி அவர் உரிமையாளர் என்று அழைக்கப்படுகிறார். அங்கும் அவர் கையில் இருப்பது நிறுவனத்தின் உறுப்புரிமையே. சுவரும் கூரையும் நிறுவனத்தின் பெயரில் நிற்கின்றன. வாசத்திலோ அவர் ஒரு விருந்தினர். குறித்த நாளில் வருகிறார். குறித்த நாளில் புறப்படுகிறார். அவர் தங்கிய சுவடு தெரியாதபடி வீடு துடைக்கப்பட்டு அடுத்தவருக்காக ஆயத்தமாகிறது. தம் தாயின் படத்தையோ தாம் ஓதும் முஸ்ஹஃபையோ சுவரோரத்தில் நிரந்தரமாக வைக்க அவருக்கு இடமில்லை. வீடு என்பதற்குத் திருக்குர்ஆன் ஆளும் ‘மஸ்கன்’ எனும் சொல், ‘ஸகீனா’ எனும் அமைதி பிறந்த அதே வேரிலிருந்து வந்தது என்பதை அரபு இலக்கணம் பயின்றோர் அறிவர். அமைதியடைவதற்கான இடம் ஓய்வு நாட்களின் தொகுதியாக மாறும்போது, ஏதோ ஒன்று விற்பனையில் விடுபட்டுப்போகிறது.

இனி ஷுஃப்ஆவுக்கு வருவோம். வீட்டிலோ தோட்டத்திலோ பங்காளி ஒருவரைக் கொண்டிருப்பவர் தம் பங்காளிக்கு அறிவிக்காமல் தம் பங்கை விற்கலாகாது. அவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார், விரும்பாவிடில் விட்டுவிடுவார் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அறிவிக்காமல் அந்நியருக்கு விற்றுவிட்டால், அதே விலையைக் கொடுத்து அப்பங்கை மீட்டுக்கொள்ளும் உரிமை பழைய பங்காளிக்கு உண்டு. உடைமையாளரின் சுதந்திரத்தை இவ்வளவு மதிக்கும் ஷரீஅத், இந்த ஓரிடத்தில் மட்டும் வாங்கியவரின் கையிலிருந்து அவர் விருப்பமின்றியே பொருளை எடுத்துத் தருகிறது. அதன் காரணம் என்ன?

இங்கே மத்ஹபுகள் பிரிகின்றன. ஷாஃபிஈ மத்ஹபின் பெரும்பாலான அறிஞர்கள், புதிய பங்காளி பாகப்பிரிவினை கேட்பதால் நேரும் செலவும் சிரமமுமே ஷுஃப்ஆவின் காரணம் என்றனர். ஆகவே பிரித்தால் பயனற்றுப்போகும் சிறிய குளியற்கூடம் போன்றவற்றில் அவ்வுரிமை இல்லை என்பது அவர்களது முடிவு. ஹனஃபிகளோ தீய அண்டையால் நேரும் தொல்லையே காரணம் என்றனர். ஆதலால் பிரிக்க முடியாத அசையாச் சொத்திலும் அதனை அனுமதித்தனர். பங்காளி, வழியையும் நீரையும் பகிர்பவர், ஒட்டிய அண்டைவீட்டார் என்ற வரிசையில் அவ்வுரிமையை விரித்தும் வைத்தனர். எட்டுப் பேருக்குரிய ஒற்றை வீடு இந்தக் கருத்துவேறுபாட்டின் நடுவில் வந்து நிற்கிறது. எந்த மத்ஹபைக் கொண்டு நோக்கினாலும் ஒன்று தெளிவு: நாம் அறியாத ஒருவர் நம் வாசலுக்குள் உரிமையோடு வருவதை நம் முன்னோர் வெறும் கணக்கு மாற்றமாகக் கருதவில்லை. அதனைத் தீங்கு நேரக்கூடிய ஒரு நிகழ்வாகக் கருதி அதற்கு வேலி அமைத்தனர். புதிய சேவைகளில் இத்தகைய வேலி ஒன்று இருக்குமானால், அது ஒப்பந்தத்தின் தயவால் இருப்பது. பங்காளி என்ற உறவிலிருந்தே பிறந்தது ஆகாது.

அண்டைவீட்டாரைச் சேர்த்து எண்ணிய ஹனஃபிப் பார்வை எத்துணை தொலைநோக்குடையது என்பதற்கு கலிஃபோர்னியாவே சாட்சி. 2021இல் நாபா, ஸொனோமா பகுதிகளில் பகாசோ வீடுகள் தோன்றியபோது, தம் தெருவில் வாரந்தோறும் புது முகங்கள் வருகின்றன என்று குடியிருப்பாளர்கள் எதிர்ப்புப் பலகைகளை நட்டனர். செயின்ட் ஹெலினா நகராட்சி இது தன் எல்லைக்குள் தடை செய்யப்பட்ட காலப்பங்கு முறையே என்றது. பகாசோ அதனை மறுத்து அதே ஆண்டில் நீதிமன்றம் சென்றது. சட்டப்படி வென்றவர் எவராயினும், அத்தெருவாசிகளின் முறையீட்டில் ஒலித்தது அண்டையின் தொல்லை எனும் அந்தப் பழைய காரணமே. வீட்டைத் தேடுமுன் அண்டையைத் தேடு என்ற பொருளில் அரபியர் வழங்கும் மூதுரையை ஹதீஸாகக் கூறுவோர் உண்டு. அதன் அறிவிப்புத்தொடர் பலவீனமானது. ஆயினும் அனுபவத்தின் வாக்காக அது நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்நியர்களை இணைப்பதே குற்றமென்றால் மதீனாவில் நடந்தது என்ன? ஹிஜ்ரத்துக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் இருவர் இருவராக இணைத்து உடன்பிறப்புகளாக்கினார்கள். அவர்கள் தொண்ணூறு பேர் என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) ஸாதுல் மஆதில் குறிப்பிடுகிறார். ஸஅத் இப்னு ரபீஃ (ரலி), மக்காவிலிருந்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்களோ பரக்கத்துக்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார்கள். மறுப்பு வலுவானதே. நாம் அதனை ஏற்கிறோம். அந்நியரோடு சேர்வதில் குற்றமில்லை. ஆனால் மதீனாவில் இணைத்தவர் இரு தரப்பையும் அறிந்தவர். இணைந்தவர்கள் முதலில் பெற்றது உறவு. பொருள் அதன் பின்னரே பேசப்பட்டது. அதையும் ஒருவர் கண்ணியத்தோடு மறுக்க இடமிருந்தது. புதிய சேவையில் பொருள் முதலில் இணைகிறது. உறவு தேவையில்லை என்று வாக்களிக்கப்படுகிறது. கனடாவின் போர்ட் பெரி ஊரில் நான்கு முதிய பெண்கள் ஒரே வீட்டை வாங்கி ஒன்றாக வாழ்ந்ததும், அத்தகையோரைத் தடுக்கும் உள்ளூர் விதிகளுக்கு எதிராக 2019இல் ஒன்டாரியோ சட்டமன்றத்தில் முன்வரைவு ஒன்று கொண்டுவரப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. அப்பெண்கள் பகிர்ந்தது அடுக்களையையும் முதுமையையும். மதீனாவின் வாசனை அங்கே சற்று வீசுகிறது என்றால் மிகையாகாது.

அப்படியாயின் அந்நியரை அறிவது எப்படி? ஒரு சாட்சிக்காகப் பரிந்து பேசிய மனிதரிடம் உமர் (ரலி) அவர்கள் மூன்று கேள்விகள் கேட்டதாக பைஹகீ (ரஹ்) பதிவு செய்கிறார். நீர் அவருக்கு அண்டைவீட்டாரா? தீனார் திர்ஹத்தில் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தீரா? அவரோடு பயணம் போனீரா? மூன்றுக்கும் இல்லை என்ற விடை வந்தபோது, அவரை நீர் அறியவில்லை என்று உமர் (ரலி) முடிவு சொன்னார்கள். பங்காளிகளைப் பொருத்தும் சேவைகள் கேட்பது இம்மூன்றில் இரண்டாவதை மட்டுமே. அதுவும் வருமானம், கடன் தகுதி எனும் எண்களாக. நட்டம் வந்தால் ஒருவர் எப்படிப் பேசுவார், நோயுற்ற பங்காளிக்குத் தம் முறையை விட்டுக்கொடுப்பாரா என்பவை எந்தப் படிவத்திலும் இல்லை. கலந்து வாழும் பங்காளிகளில் பலர் ஒருவருக்கொருவர் அநீதி இழைப்பர், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோரைத் தவிர, அத்தகையோரும் சிலரே என்று தாவூத் (அலை) அவர்கள் கூறியதாக ஸாத் அத்தியாயத்தின் 24ஆம் வசனம் உணர்த்துவதை இத்துடன் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பங்காளி மரணித்தால்? எட்டில் ஒரு பங்குடையவர் மனைவியையும் இரு மகன்களையும் ஒரு மகளையும் விட்டுச் செல்கிறார் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியது மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். முழு வீட்டில் மனைவியின் உரிமை அறுபத்து நான்கில் ஒன்று. ஆண்டின் 44 இரவுகளில் அவருக்கு ஐந்தரை, ஒவ்வொரு மகனுக்கும் 15.4, மகளுக்கு 7.7. இப்படி எட்டுக் குடும்பங்களிலும் ஒரு தலைமுறை கழிந்தால் அந்த வீட்டின் உரிமையாளர் எத்தனை பேர்! தேர்ந்து பொருத்தப்பட்ட அந்நியர்கள் போய், எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத அந்நியர்கள் நிற்பர். விரும்பிச் செய்த ஷிர்கத் விரும்பாமல் வாய்த்த ஷிர்கத்தாக மாறுவதற்கு ஒரு மரணமே போதும்.

இது நமக்குப் புதிய காட்சியன்று. பாகம் பிரிக்காமல் மூன்று தலைமுறை கண்ட வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! அங்கே பங்காளிகள் இரத்த உறவினர்; அப்படியிருந்தும் திண்ணையை அளப்பதில் பேச்சு நின்றுபோன குடும்பங்களை அறிவோம். நம் நிலத்தில் ஷுஃப்ஆவுக்கு நேர்ந்த கதியும் சிந்தனைக்குரியது. மலபாரில் வழக்காறாக நிலைத்திருந்ததைத் தவிர, சென்னை மாகாணத்தில் முஸ்லிம்களுக்கிடையிலும் அது சட்டமாகச் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1870இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, பிரிவினையாகாத குடும்பத்தின் வசிப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்கு அவ்வீட்டில் சேர்ந்து குடியிருக்கும் உரிமையைத் தரவில்லை. அவர் பாகம் கேட்டு வழக்காடினால் அப்பங்கைக் குடும்பத்தாரே மதிப்பு விலைக்கு வாங்கிக்கொள்ள 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு வழிசெய்கிறது. முன்வாசல் வழியாக அனுப்பப்பட்ட ஷுஃப்ஆ, பக்கவாசல் வழியாகத் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது. வீட்டுக்குள் நுழையும் அந்நியரைப் பற்றிய அச்சம் எந்தச் சட்டத்தையும் விட்டுவைப்பதில்லை.

நம் இளைஞர்களுள் கணினித் துறையில் தேர்ந்தவர் பலர். வட்டியின்றி வீடு வாங்கத் தவிக்கும் நடுத்தரக் குடும்பங்களை இணைக்கும் இத்தகைய சேவையொன்றை அவர்களே வடிவமைக்க முன்வரலாம். அது பாராட்டத்தக்க முயற்சியாகவும் அமையலாம். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. பணம் கைமாறுமுன், சேர விரும்புவோர் சில நாட்களாவது ஒரே கூரையின் கீழ் தங்கட்டும். அது உமர் (ரலி) கேட்ட பயணத்துக்கு ஈடாகும். ஒவ்வொருவருக்கும் அவரது மஹல்லாவிலிருந்து அண்டைவீட்டார் ஒருவர் சொல் கொடுக்கட்டும். விற்பனைக்கு முன் பங்காளிக்கு அறிவித்தலும், அவர் விரும்பினால் வாங்கிக்கொள்ளும் உரிமையும் ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்கட்டும். மரணித்தவரின் பங்கை அவர் வாரிசுகளிடமிருந்து நியாய விலைக்குப் பெறுவதற்கான வழியை உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்கட்டும். வாரிசின் உரிமை அதனால் ஒரு காசும் குறையாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளர் தம் வீட்டில் வீட்டுக்காரராக வாழ இடம் இருக்கட்டும்.

பங்காளிகளில் எவரும் மோசம் செய்யாதவரை அவர்களோடு மூன்றாமவனாகத் தான் இருப்பதாக அல்லாஹ் கூறும் கருத்தமைந்த ஹதீஸ் குத்ஸீயை அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துள்ளார். இருவரை இணைப்பவர் எவராயினும், அந்த மூன்றாம் இடத்தைத் தம் நிறுவனம் நிரப்பிவிடும் என்று எண்ணாதிருப்பாராக. வல்லாஹு அஃலம்.