பிடியும் நழுவலும்: ஊர்க் கபடியை ரசிப்பது எப்படி?

பொங்கலை ஒட்டி வில்லியனூர், பாகூர் பக்கம் கபடிப் போட்டி பார்க்கப் போனால் விழா மேடைக்கு அருகே நாற்காலி தேடாதீர்கள். நடுக்கோடு நேராகத் தெரியும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஆட்டத்தின் வழக்கெல்லாம் அங்கேதான் தீரும்.

மல்யுத்தத்தில் இரண்டு தோளும் தரையில் அழுந்திவிட்டால் கதை முடிந்தது. கபடியில் பாடிப் போனவர் குப்புற விழுந்தபடியே விரல் நுனியால் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாலும் போதும், அவரைப் பிடித்திருந்த அத்தனை பேரும் அவுட். ஆகவே அவர் விழுந்தாரா என்று பார்க்காதீர்கள்; எந்தப் பக்கமாக விழுகிறார் என்று பாருங்கள்.

பிடிகளில் ஆக நுட்பமானது கணுக்கால் பிடி. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் போனஸ் புள்ளி உண்டு. அதை எடுக்க ஒரு கால் போனஸ் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், பின்கால் தரையைவிட்டு எழும்ப வேண்டும். அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுதும் ஒற்றைக் காலில். கார்னரில் பதுங்கி நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கக் காத்திருப்பது அந்த நொடிக்குத்தான். தஞ்சைப் பக்கத்துக்காரரான தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைக் கடந்தும் புரோ கபடியில் கார்னர் காத்தார் என்றால், வெறும் புஜபலத்தால் அது நடந்திருக்காது.

தோளால் இடித்து எல்லைக்கு வெளியே தள்ளும் டேஷுக்குத்தான் கூட்டம் விசிலடிக்கும். எனக்கென்னவோ அதில் அவ்வளவு மோகமில்லை. ஆள் கனமாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறதே!

இனி நழுவல். இடுப்பைப் பிடித்து இழுக்கும்போது தேர்ந்த ஆட்டக்காரர் முறுக்கிக்கொண்டு நிற்கமாட்டார். இழுத்த பக்கமே ஒரு அடி கூடவே போவார். பிடித்தவர் தடுமாறும் கணத்தில் உடம்பைத் திருப்பிக் கோட்டை நோக்கிச் சரிவார். ஜிகோரோ கானோ 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தொடங்கியபோது, வரும் விசையை எதிர்க்காமல் பயன்படுத்து என்பதைத்தான் அடிப்படையாக வைத்தார். கபடியில் இதன் உச்சம் டுப்கி. இருவர் கைகோத்துச் செயின் போட்டு நெருக்கும்போது, மோதாமல் அந்தக் கைகளுக்கு அடியில் குனிந்து புகுந்து வெளியேறுவது. பர்தீப் நர்வால் பெயர் வாங்கியது இதில்தான். செயினின் கைகள் உயர்ந்திருக்கின்றனவா, தாழ்ந்திருக்கின்றனவா என்று முன்கூட்டியே கவனித்தால் டுப்கி வருவது உங்களுக்கே தெரிந்துவிடும்.

குறைந்த எடைப் பிரிவு ஆட்டங்கள் இருந்தால் இறுதிப் போட்டிக்குக் காத்திராமல் முன்னதாகவே போய்விடுங்கள். ஒல்லிப் பையன்களிடம் கனத்தைக் காட்டி ஜெயிக்க வழியில்லை. சுத்தமான பிடியும் நழுவலும் அவர்களிடம்தான் பார்க்கக் கிடைக்கும்.