சத்தம் போட மறுத்தவர்கள்

கால்பந்து ரசிகர் குழுக்களைப் புகழ்பவர்களும் சரி, திட்டுபவர்களும் சரி, அவர்கள் போடும் சத்தத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஜெர்மனியின் ‘அல்ட்ராஸ்’ குழுக்களை எடைபோட அது போதாது. அவர்கள் எப்போதெல்லாம் சத்தம் போட மறுத்தார்கள், மறுத்ததால் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அந்த அமைப்பின் பலமும் கோளாறும் சேர்ந்து பிடிபடும். அந்நாட்டின் டார்ட்முண்ட் மைதானத்தில் 81,365 பேருக்கு இடம் உண்டு. தெற்கு கேலரியில் மட்டும் 24,000-க்கும் அதிகமானோர் நின்றபடியே ஆட்டம் பார்க்கிறார்கள். ‘மஞ்சள் சுவர்’ என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கேலரி அது. தொலைக்காட்சிக்காரர்கள் கோல்களைக் காட்டி எப்படி ஆள் சேர்க்கிறார்களோ, அப்படியே இந்தச் சுவரைக் காட்டியும் சேர்க்கிறார்கள். லீக் விற்கிற சரக்கில் இந்த ஆரவாரமும் ஒரு பகுதி. அதைத் தயாரிப்பவர்களுக்கோ சம்பளம் கிடையாது. டிக்கெட்டுக்குத் தாங்களே காசு கொடுத்து உள்ளே வந்து உழைக்கிறார்கள். சம்பளம் இல்லாத தொழிலாளிக்கும் வேலைநிறுத்த உரிமை உண்டு என்பதை இந்தக் குழுக்கள் கண்டுபிடித்தன. அவற்றின் பெருமை அனைத்தும் அதிலிருந்து வருகிறது என்பது என் கணிப்பு.

உழைப்பு என்பது மிகைச்சொல் இல்லை. 2013 ஏப்ரலில் மலாகா அணியுடனான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியன்று, தொலைநோக்கியைப் பிடித்து எதையோ தேடும் ரசிகன் ஒருவனின் பிரம்மாண்ட உருவம் அந்த கேலரியை நிறைத்து எழுந்தது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் சில நிமிடக் காட்சி, அவ்வளவுதான். இப்படி ஒன்றுக்காகத் துணியை வெட்டித் தைத்து, பெரிய கூடங்களில் தரையில் விரித்து வண்ணம் தீட்டி, எந்த வரிசை எந்த நொடியில் எதைத் தூக்க வேண்டும் என்று திட்டம் போட்டு, பல வாரங்கள் மாலைகளைச் செலவழிக்கிறார்கள். ஆட்ட நாளன்று வேலியோரத்து மேடையில் மெகாபோனோடு நின்று பாட்டெடுத்துக் கொடுப்பவர் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார். தன் அணி போடும் கோலை அவர் பார்ப்பதே அரிது. இதற்கெல்லாம் பணம் சந்தாவிலிருந்தும், ஸ்டிக்கர், ஸ்கார்ஃப் விற்பனையிலிருந்தும், உண்டியல் குலுக்குவதிலிருந்தும் வருகிறது. கிளப்பின் காசைத் தொடுவதில்லை என்பதை மானப்பிரச்சினையாகவே வைத்திருக்கிறார்கள். அது வெறும் வீராப்பு இல்லை. அர்ஜென்டினாவின் ‘பாரா பிராவா’ குழுக்கள் கிளப் நிர்வாகிகளிடம் டிக்கெட் வாங்கி விற்றும், மைதானத்தைச் சுற்றிய தெருக்களில் பார்க்கிங் வசூல் செய்தும், கிளப் தேர்தல்களில் அடியாள் பலமாக நின்றும் வளர்ந்தவை. வன்முறை முற்றி, 2013-இல் அந்நாட்டில் வெளியூர் ரசிகர்களுக்கே தடை வந்தது. பாட்டும் மேளமும் கொடியும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். சோறு போடுகிறவனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய யாராலும் முடியாது.

அந்தக் கட்டு இல்லாத ஜெர்மன் குழுக்கள் வேலைநிறுத்தம் செய்தன. 2012-இல் லீக் நிர்வாகம் கொண்டுவந்த பாதுகாப்புத் திட்டத்தை எதிர்த்து, எல்லா மைதானங்களிலும் முதல் 12 நிமிடம் 12 விநாடி ஒரு குரலும் எழவில்லை. அந்த ஆட்டங்களில் பயிற்சியாளரின் அதட்டல்கூடத் தெளிவாகக் கேட்டது. பலன் இல்லை, டிசம்பர் 12 அன்று திட்டம் நிறைவேறியது. அடுத்து, திங்கட்கிழமை இரவு ஆட்டங்கள். வேலைக்குப் போகிறவன் மறுநாள் விடிகாலைக்குள் வெளியூரிலிருந்து எப்படித் திரும்புவான் என்பது அவர்கள் கேள்வி. 2018 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்குடனான திங்கள் ஆட்டத்துக்கு, வழக்கமாக நிரம்பி வழியும் டார்ட்முண்டில் 54,000 பேர்தான் வந்தார்கள். மஞ்சள் சுவரில் வெறும் சிமென்ட் படிகள் தெரிந்தன. 2021-22 பருவத்திலிருந்து முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் திங்கள் ஆட்டம் இல்லை. மூன்றாவது போராட்டம்தான் பெரிது. ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு ஒரு முதலீட்டாளருக்குக் கொடுத்து, ஏறத்தாழ 100 கோடி யூரோ வாங்கலாம் என்று 2023 டிசம்பரில் 36 கிளப்புகளில் 24 வாக்களித்தன. தேவையான மூன்றில் இரண்டு பங்கு, ஒன்று குறையாமல் ஒன்று கூடாமல். ரகசிய வாக்கெடுப்பு வேறு. ஹனோவர் கிளப் எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லி அனுப்பிய பிரதிநிதி மாற்றிப் போட்டுவிட்டாரோ என்ற சந்தேகம் நெருப்பாகப் பற்றியது. டென்னிஸ் பந்துகளும் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசுகளும் மைதானங்களில் மழையாகக் கொட்டின. ஆட்டங்கள் நின்று நின்று நடந்தன. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் பேரத்தைக் கைவிட்டது.

இந்த வெற்றி ரசிகர் குழுவுடையதா, ஜெர்மன் விதியுடையதா என்று கேட்பது நியாயம். 1998 முதல் அங்கே ‘50+1’ விதி உண்டு: கம்பெனியாக மாறிய கிளப்பிலும் பாதிக்கு மேற்பட்ட வாக்கு உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும். நிர்வாகி அடுத்த பொதுக்குழுவில் இதே முகங்களைச் சந்தித்தாக வேண்டும் என்பதால் டென்னிஸ் பந்துக்கு எடை கூடுகிறது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த விதி இல்லாத இங்கிலாந்திலும், 2021 ஏப்ரலில் ஐரோப்பிய சூப்பர் லீக்கில் சேர்ந்த ஆறு கிளப்புகள் ரசிகர்களின் தெருப் போராட்டத்தாலும் அரசின் மிரட்டலாலும் இரண்டே நாளில் பின்வாங்கின. ஒன்றைத் தடுக்கச் சத்தம் போதும் என்று தெரிகிறது. தடுத்த பிறகு ஆகவேண்டியதைச் செய்ய வாக்குச்சீட்டு வேண்டும். அந்த ஆறு கிளப்பும் முதலாளிகள் கையிலேயே தங்கின. நம் ரசிகர் குழுக்களான கொச்சியின் மஞ்சப்படையும் சென்னையின் சூப்பர் மச்சான்ஸும் ஜெர்மன் கேலரியிடம் பாட்டையும் பேனரையும் கற்றுக்கொள்வது எளிது. உறுப்பினர் வாக்கே இல்லாத இந்திய சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகளில் அவர்கள் கையில் மிஞ்சுவது டிக்கெட் வாங்க மறுப்பது மட்டுமே.

இனி கோளாறு. வேலைநிறுத்தத்துக்குத் தேவையான கட்டுப்பாடே அதன் ஊற்று. 24,000 பேர் ஒரே நொடியில் வாயை மூட வேண்டுமானால், மூடாதவனை முறைக்க ஆள் வேண்டும். பேனர் எதிரணிக் குழுவின் கைக்குப் போனால் குழுவையே கலைத்துவிட வேண்டும் என்கிற அளவுக்கு இந்த உலகில் மானம் பெரிது. மானம் பெரிதாகும்போது கையும் நீளும். 2017 பிப்ரவரி 4 அன்று டார்ட்முண்டுக்கு வந்த லைப்சிக் ரசிகர்கள் மீது, குழந்தைகள், பெண்கள் என்றும் பாராமல் டார்ட்முண்ட் ரசிகர்கள் சிலர் கல்லும் கேனும் வீசினார்கள். கேலரியில் கேவலமான பேனர்கள் தொங்கின. லைப்சிக் மீதான குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது: வாக்குரிமை உள்ள உறுப்பினர்களைச் சொற்பமாக வைத்துக்கொண்டு 50+1 விதியை அந்தக் கிளப் சுற்றிப் போகிறது. அந்த வாதத்தைக் கல்லெறிந்தவர்களே புதைத்தார்கள். கால்பந்துச் சங்கம் ஒரு லட்சம் யூரோ அபராதம் போட்டு, ஓர் ஆட்டத்துக்கு தெற்கு கேலரியையே பூட்டியது. சிலர் செய்ததற்கு 24,000 பேருக்குத் தண்டனையா என்ற முறையீடு சரியானதே, கூட்டுத்தண்டனை அநீதிதான். ஆனால் திங்கள் ஆட்டத்தை ஒழித்தது ‘கேலரி’ என்றும், கல்லை எறிந்தது ‘சில தனிநபர்கள்’ என்றும் ஒரே வாய் சொல்லும்போது அந்த முறையீட்டின் வலு குறைகிறது. அந்தத் தனிநபர்கள் யாரென்று தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்பது இவர்களின் எழுதப்படாத சட்டம்.

போலீசிடம் காட்டிக்கொடுக்காதது ஒன்றும் குற்றமில்லை, உள்ளேயே திருத்திக்கொள்வார்கள் என்று இதற்கு ஒரு பதில் உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. நகராட்சி, மாநிலம், கால்பந்து அமைப்புகள் ஆகியவற்றின் பணத்தில் நடக்கும் ‘ஃபான்புரொயெக்ட்’ மையங்களின் சமூகப் பணியாளர்கள் இந்த இளைஞர்களோடு பழகிப் பழகி எத்தனையோ சண்டைகளைத் தடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மூன்று பணியாளர்கள் ரசிகர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்ததற்காக, 2024-இல் கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. உள்ளிருந்து திருத்தும் ஒரே வழியை அரசே அடைக்கிறது என்று குழுக்கள் கொதித்ததில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் மேடையில் மெகாபோன் பிடிப்பவரைத் தேர்ந்தெடுக்க அந்த 24,000 பேருக்கு ஓட்டு இல்லை. குழுவுக்குள் இருக்கும் சில நூறு பேர் எடுக்கும் முடிவு கேலரியின் முடிவாகிறது. 2024-இல் லீக்கைப் பார்த்து, யார் எப்படி வாக்களித்தார் என்பதை வெளியே சொல் என்று கேட்டவர்களும் அவர்களே.