முதலில் சாகிறவர்கள்: திகில் படங்களும் மனித வார்ப்புகளும்

திகில் திரைப்படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒருவரால், படம் தொடங்கிய கால்மணி நேரத்திற்குள் யார் முதலில் சாவார், யார் இறுதிவரை எஞ்சுவார் என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும். இதனை அவ்வகைப் படங்களின் பலவீனம் என்று சொல்வோர் உண்டு. பலவீனம் என்பதைவிட, திட்டமிட்ட ஏற்பாடு என்றே இதைக் கொள்ள வேண்டும். திரையில் பத்துப் பேர் கொல்லப்படும்போது பார்வையாளர் பத்து முறை துக்கம் கொண்டாடினால் அந்தப் படம் ஓடாது. ஆகவே, சாகப்போகிறவர்கள் மனிதர்களாக நமக்கு அறிமுகமாவதற்கு முன்பே வகைகளாக அறிமுகமாகிவிடுகிறார்கள்.

அமெரிக்கப் படங்களில் இந்த ஏற்பாட்டிற்கு அதிகம் இரையானவர்கள் பதின்பருவத்தினரும் இருபதைத் தொட்ட இளைஞர்களுமே. ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ (1978) மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டுப் பெரும்பொருள் ஈட்டியதும், அதே அச்சில் படங்கள் வரிசைகட்டின. அவற்றுள் ‘ஃப்ரைடே த தர்ட்டீன்த்’ (1980) கூர்ந்து நோக்கத்தக்கது. ஏரிக்கரை முகாம் ஒன்றில் பணியாளர்களின் அசட்டையால் நீரில் மூழ்கிய சிறுவனின் தாய், அம்முகாமிற்குப் புதிதாக வந்த இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறாள். சிறுவன் மூழ்கி இருபதாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று கடமை தவறியவர்கள் வேறு. இன்று கொல்லப்படுகிறவர்கள் வேறு. இளைஞர்கள் என்பதைத் தவிர இவர்களுக்கும் அந்தக் குற்றத்திற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒருவர் செய்ததற்கு அவரைப் போன்ற மற்றொருவர் பழிசுமப்பது, அதாவது வார்ப்புச் சிந்தனையின் அடிப்படைத் தர்க்கம், இங்கே கதையாகவே ஆகியிருக்கிறது. இயக்குநர் அதை எண்ணிச் செய்தார் என்று நான் கருதவில்லை.

குடியும் தகாத உறவும் கொண்ட இளைஞர்கள் சாக, கட்டுப்பாடுடைய பெண் பிழைப்பதைக் கண்டு, இப்படங்களில் ஓர் ஒழுக்கப் போதனை இருப்பதாக நம்மவருள் சிலர் மகிழ்வதுண்டு. அம்மகிழ்ச்சிக்கு ஆதாரமில்லை. எதைக் குற்றமெனத் தண்டிக்கிறதோ, அதையே கேமரா முதலில் நெடுநேரம் ரசித்துக் காட்டுகிறது. தண்டனையும் ஒரு காட்சி விருந்தாகிறது. தவ்பாவுக்கு ஒரு நொடிகூட இடம் வைக்காத தண்டனையை அறநெறி என்பது எப்படி? இப்படங்களில் பிழைத்துவரும் பெண்ணுக்கு ‘இறுதிப் பெண்’ என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் கேரல் குளோவர். அவரது நூல் 1992இல் வெளிவந்தது. பெரும்பாலும் ஆண்களான இளம் பார்வையாளர்கள், முடிவில் ஒரு பெண்ணின் அச்சத்தோடும் வெற்றியோடும் தம்மை இணைத்துக்கொள்வதை அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் அவள் பிழைப்பதற்கு மற்றவர்கள் மலிவானவர்களாக இருந்தாக வேண்டியிருக்கிறது.

ட்ரூ காடர்டின் ‘த கேபின் இன் த வுட்ஸ்’ (2012) இந்த இரகசியத்தை அம்பலப்படுத்தியது. காட்டு வீடொன்றுக்குச் செல்லும் ஐந்து மாணவர்களை நிலத்தடி அலுவலகத்திலிருந்து சில அதிகாரிகள் கண்காணிக்கின்றனர். ஒழுக்கங்கெட்டவள், விளையாட்டு வீரன், அறிஞன், கோமாளி, கன்னி என ஐவகையினர் பலிக்குத் தேவை. வந்தவர்களோ அவ்வாறு இல்லை. முரட்டு வீரனாக வேண்டியவன் சமூகவியலில் உதவித்தொகை பெற்றுப் படிப்பவன். ஆகவே அவர்களுடைய அறிவை மழுக்க மருந்து செலுத்துகிறார்கள். ஒருத்தியின் தலைமுடிச் சாயத்தில்கூட அது கலந்திருக்கிறது. கன்னி என்று குறிக்கப்பட்டவளும் உண்மையில் கன்னியல்லள். அதிகாரிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மனிதர்களிலிருந்து வகைகள் எடுக்கப்படுவதில்லை, வகைகளுக்கேற்ப மனிதர்கள் வெட்டித் திருத்தப்படுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வணிகப்படத்தை நான் அறியேன். பலி கேட்டு நிலத்தின் அடியில் உறங்கும் பண்டைத் தெய்வங்களை அரங்கில் அமர்ந்திருக்கும் நம்மோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

கறுப்பினத்தவரின் கதை இன்னும் கசப்பானது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ (1968) இதில் ஒரு விதிவிலக்கு. டுவேன் ஜோன்ஸ் ஏற்ற நாயகப் பாத்திரத்தின் நிறம் குறித்துப் படத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரவு முழுவதும் நடைபிணங்களோடு போராடிப் பிழைத்த அம்மனிதன், காலையில் மீட்க வந்த வெள்ளையர் கூட்டத்தால் நடைபிணம் என்று கருதிச் சுடப்படுகிறான். அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். அக்டோபரில் படம் திரைக்கு வந்தபோது அந்த முடிவை எவரும் வெறும் கதையாகப் பார்த்திருக்க இயலாது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’ (2017) அதே அச்சத்தைத் திருப்பிப் பயன்படுத்தியது. தன்னைக் கொல்ல முயன்ற வெள்ளைப் பெண் காயமுற்றுக் கிடக்க, அருகில் நாயகன் இருக்கிறான். அப்போது காவல் வண்டியினுடையதுபோல் சுழல்விளக்கு தெரிகிறது. அரங்கம் நடுங்குகிறது. வருபவர் எதைக் கண்டதாக நினைப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். வந்தவன் நண்பன்தான். நாயகன் சிறையில் முடிவதாக எடுக்கப்பட்ட முதல் வடிவத்தைப் பீல் பின்னர் மாற்றினார்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் வில்லியம் ஃப்ரீட்கினின் ‘த எக்ஸார்சிஸ்ட்’ (1973). வாஷிங்டனில் ஒரு சிறுமியைப் பேய் பிடிக்கும் அக்கதை வடஇராக்கில், பாங்கொலியோடு தொடங்குகிறது. அகழாய்வில் கிடைக்கும் தலையுருவம் பசூசு என்னும் மெசப்பொத்தாமியப் பேயினுடையது. இஸ்லாத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டது. பாங்கிற்கும் அதற்கும் என்ன உறவு? ஒன்றுமில்லை. பார்வை இழந்த கண்ணோடு திரும்பும் கொல்லன், கறுப்பாடை அணிந்த மூதாட்டி ஆகியோரைப் போல, பாங்கும் அங்கே ‘கிழக்கு’ என்பதன் ஓர் அடையாளம் மட்டுமே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: தாய்க்கும் சிசுவுக்கும் தீங்கிழைக்கும் லமாஷ்டுவை விரட்ட, பசூசுவின் உருவத்தையே காப்பாக அணிந்தவர்கள் அந்நாட்டு முன்னோர். படத்திற்கு அது தேவைப்படவில்லை.

பாபக் அன்வாரியின் ‘அண்டர் த ஷேடோ’ (2016) என்ற பாரசீக மொழிப் படத்தை இதற்கு மாற்றாகப் பலர் காட்டுகின்றனர். ஏவுகணைகள் விழும் 1980களின் தெஹ்ரானில், மருத்துவக் கல்வியைத் தொடர அனுமதி மறுக்கப்பட்ட ஒரு தாய், மகளோடு தன் வீட்டில் ஜின்னை எதிர்கொள்கிறாள். சினமும் அன்பும் குற்றவுணர்வும் கலந்த அந்தப் பெண் எவ்வகையிலும் அடங்காதவள். அது இப்படத்தின் பெரும் சாதனை. ஆனால் ஜின் தோன்றுவது பறந்துவரும் ஒரு சாதராக. ஈரானிய அனுபவத்திற்கு அதில் ஒரு நியாயம் இருக்கக்கூடும். சாதரை அணிந்த பெண்ணையே அறியாத ஊர்களின் அரங்குகளில் அந்தத் துணி வேறொன்றாகத்தான் படிக்கப்படும்.