இரண்டு விரற்கடை

மெர்லிமாவிலிருந்து மூவார் போகிற சாலையோரம் ஒரு பட்டறை. காரைத் தாழ்த்த வரும் பையனிடம் போமன் கேட்கிற முதல் கேள்வி: "எத்தன விரல்?" டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் எத்தனை விரல் நுழையணும் என்று அர்த்தம். "ரெண்டு போதும்ணே" என்பான் பையன். விரற்கடை என்கிற அளவையைப் பழைய நூல்களோடு மூடி வைத்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். இங்கே அது கிரீஸ் படிந்த கையில் உயிரோடு இருக்கிறது.

இந்தப் பட்டறைப் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம். கம்பி வைத்த மோட்டார்ச் சக்கரம் 'லிடி ரிம்'. லிடி என்றால் மலாயில் ஈர்க்கு. பனை ஓலையில் ஈர்க்கெடுத்து விளக்குமாறு கட்டிய பாட்டிகளின் பேரன்கள், ஹோண்டா இஎக்ஸ் 5-இன் 17 அங்குலச் சக்கரத்தில் அதே ஈர்க்கைப் பார்க்கிறார்கள். மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே அகன்று நிற்கிற டயர் 'கங்காங்'. காலை அகட்டி நிற்பது. தாழ்ந்த கார் 'ரெண்டா'. "என் காரு ரெண்டா" என்று சொன்ன தம்பியிடம், "இன்னொன்ன எங்கடா நிறுத்தியிருக்க?" என்று ஆயா கேட்டது எங்கள் வீட்டில் இன்னும் சிரிப்பு.

வண்டி நிற்கிற நிலைக்குத் தனிச்சொற்கள் உண்டாக்கியது நாம் மட்டுமல்ல. அமெரிக்க ஹாட் ராட் பையன்கள் 1932 ஃபோர்டை 'டியூஸ்' என்றார்கள். பின்னால் பெரிய டயர், முன்னால் சின்னது. மூக்கு தாழ்ந்து நிற்கிற அந்தச் சாய்வு 'ரேக்'. அதற்குக் காரணம் இருந்தது. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பந்தயம் விட்டவர்களுக்குப் பின்டயர் பெரிதானால் இன்ஜினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி கூடுதல் தூரம் போகும். தேவையில் பிறந்தது பிறகு அழகாயிற்று.

நம் பையன் செய்வதில் அந்தத் தேவை இல்லை. ஸ்பிரிங்கைப் 'பொத்தோங்' செய்த கஞ்சில் வேகமாகப் போகாது. ஒரு வளையம் வெட்டினால் ஸ்பிரிங் விறைக்கும். குழியில் இறங்கினால் முதுகெலும்பு வரை இடிக்கும். கங்காங் டயர் உள்விளிம்பில் சீக்கிரம் தேயும். பிறகு எதற்கு? என் வாசிப்பு இது: தாழ்ந்த கார் தோட்டத்துச் செம்மண் சாலையில் போகாது. தார்ச் சாலை ஓரத்திலேயே நின்றுவிடும். நான் இனி தோட்டத்தான் இல்லை என்பதை வாயால் சொல்லாமல் இரண்டு விரல் இடைவெளியில் சொல்கிறான். ஆயாவைப் பார்க்கணும் என்றால் காரை வெளியே விட்டு நடந்துதான் போகிறான். அந்த நடையில் ஒரு சிறுகதை இருக்கிறது.

அதை யார் எழுதினார்கள்? நான் வாசித்த மலேசியத் தமிழ்க் கதைகளில் பால்மரத்துக்குரிய சொற்கள் எல்லாம் உண்டு: உளி, மங்கு, நிரை, ஒட்டுப்பால், பெரட்டு. ஆனால் மோட்டார் பையன் வந்ததும் மொழி வற்றிவிடுகிறது. 'உறுமல்' என்று ஒரு வினை, 'வழிதவறிய இளைஞன்' என்று ஒரு தீர்ப்பு. அவன் எந்த ரிம் போட்டான், எத்தனை மாதம் காசு சேர்த்தான் என்று கதைக்குத் தெரியாது. பெரட்டும் ஒரு காலத்தில் ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட வெளிச்சொல்தானே?

1963இல் டாம் வுல்ஃப், எஸ்குவயர் இதழில் கார் வடிவமைப்பாளர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜார்ஜ் பாரிஸ் செய்த கார்களைச் சிற்பத்தைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தார். அந்தக் கண்தான் நமக்குத் தேவை. அவருடைய வாணவேடிக்கை நடை வேண்டியதில்லை.

இதைச் சொல்லும்போதே ஒரு தயக்கம். வெட்டிய ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவினால் கார் கட்டுப்பாட்டை இழக்கலாம். ஜேபிஜே பிடிப்பது வெறும் வீம்புக்கில்லை. ஆனால் சட்டமும் எப்போதும் பாதுகாப்பை மட்டும் பார்ப்பதில்லை. சக்கர விளிம்புக்குக் கீழே காரின் உடல் இறங்கக்கூடாது என்று கலிபோர்னியா 1958இல் விதித்தது. மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களின் 'லோரைடர்' கார்களை நிறுத்த அது வசதியாயிற்று. அவர்கள் ஹைட்ராலிக் பம்பு வைத்துப் போலீசைக் கண்டதும் காரை உயர்த்தினார்கள். அந்தத் தடை 2024இல்தான் போனது. ஆபத்தைக் கண்டிப்பது ஒன்று, ஆளை அவன் காரின் உயரத்தால் அளப்பது இன்னொன்று. நம் கதைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கின்றன.

எழுதுகிறவர்கள் அந்தப் பட்டறையில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும். போமன் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைத்தான் அவர்களிடமும் கேட்பார். எத்தனை விரல் என்று பதில் சொல்லத் தெரிந்தால் போதும், பிறகு கதையை எழுதலாம்.